'புறக்கணிக்கவும்' என்று போடலாமா? இக்னோர் என்பதற்கு எந்தத் தமிழ் வினை எங்கே பொருந்தும்

கோவில் சந்தா நினைவூட்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியாகிவிட்டது. கீழே தமிழிலும் ஒரு வரி வேண்டும்: ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இந்த அறிவிப்பை என்ன செய்ய வேண்டும்? அகராதியும் மொழிபெயர்ப்புச் செயலியும் முதலில் நீட்டும் சொல் 'புறக்கணிக்கவும்'. அதை அப்படியே போட்டால், கோவில் தன் அறிவிப்புக்கு எதிராகத் தானே போராட்டம் அறிவித்த மாதிரி இருக்கும். அங்கே வர வேண்டியது 'பொருட்படுத்த வேண்டாம்'.

மொரீஷியஸில் தமிழ் எழுத உட்காரும் ஆசிரியர்களும் கோவில் செயலாளர்களும், பிள்ளையின் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டும் பெற்றோரும் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் ஓட்டிவிடலாம். தமிழில் புறக்கணி, அலட்சியப்படுத்து, பொருட்படுத்தாதே, கண்டுகொள்ளாதே, உதாசீனப்படுத்து என்று வரிசையாக நிற்கின்றன. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் சில வேளை நடை மட்டும் கெடும். சில வேளை செய்தியே மாறிப்போகும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது: தெரிந்து செய்ததா, தெரியாமல் விட்டதா? தெரியாமல் விட்டிருந்தால் இந்த ஐந்தில் எதுவுமே வேண்டாம், 'கவனிக்கவில்லை' போதும். தெரிந்து செய்ததாக இருந்தால், முடிவெடுத்துச் செய்ததா, அசட்டையாக விட்டதா என்று அடுத்த கேள்வி. புறக்கணிப்புக்கும் அலட்சியத்துக்கும் இடையே உள்ள வேலி அதுதான்.

பிறகு, எதை அல்லது யாரை என்பது. வலி, மழை, பசி போன்றவற்றுக்கு ஒரு வினை, மனிதருக்கு வேறு, விதிக்கும் எச்சரிக்கைக்கும் வேறு. அதோடு, சொல்லில் எவ்வளவு குற்றச்சாட்டு ஏறியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நண்பரைப் பற்றிப் பேசுவதும் அமைச்சகத்துக்கு மனு எழுதுவதும் ஒரே எடை அல்ல.

கடைசியாக இலக்கணம். இவற்றில் இரண்டு வினைகள் எதிர்மறையில் வந்தால்தான் நமக்கு வேண்டிய பொருளைத் தரும். இது தெரியாமல் எழுதினால் வாக்கியம் தலைகீழாகிவிடும்.

| வினை | உள்நோக்கம் | எதற்கு இயல்பு | எதிர்மறையில்தான் வருமா | பேச்சா, எழுத்தா |
|---|---|---|---|---|
| புறக்கணி | முடிவெடுத்துச் செய்தது | தேர்தல், கூட்டம், கோரிக்கை, ஊர், சமூகம் | இல்லை | எழுத்து, மேடை |
| அலட்சியப்படுத்து | செய்ய வேண்டியதைச் செய்யாதது | எச்சரிக்கை, விதி, நோய், கடமை | இல்லை | இரண்டும் |
| பொருட்படுத்து | பெரிதாக எடுக்காதது | வலி, மழை, கேலி, சிறு அறிவிப்பு | ஆம் | பெரும்பாலும் எழுத்து |
| கண்டுகொள் | பார்த்தும் சட்டை செய்யாதது | ஆள், சிறு குறும்பு, அன்றாடத் தொல்லை | ஆம் | பெரும்பாலும் பேச்சு |
| உதாசீனப்படுத்து | மதிக்காதது | அன்பு, உறவு, உழைப்பு | இல்லை | இரண்டும், மனத்தாங்கலோடு |

## புறக்கணி

ஐந்திலும் கனமானது இது. அகராதி இதை முதலில் தருவதால் எல்லாவற்றுக்கும் பொது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் இதற்குப் பொருந்தும் இடங்கள் குறைவு.

முதல் பயன், கூட்டாகச் சேர்ந்து கலந்துகொள்ள மறுப்பது. 1984இல் தென்னாப்பிரிக்காவில் முத்தரப்பு நாடாளுமன்றத்துக்கு (வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் ஆகியோருக்குத் தனித்தனி அவை) தேர்தல் நடந்தபோது இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோர் வாக்களிக்கப் போகவில்லை. கறுப்பின மக்களை வெளியே நிறுத்திவிட்டுத் தங்களுக்கு மட்டும் தரப்பட்ட அவையை ஏற்கக் கூடாது என்ற அறைகூவல் அதன் பின்னால் இருந்தது. 'தேர்தலைப் புறக்கணித்தார்கள்' என்பதுதான் அதற்குச் சரியான வாக்கியம். 'அலட்சியப்படுத்தினார்கள்' என்று எழுதினால் சோம்பலில் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்றாகிவிடும். அரசியல் முடிவு ஒன்று ஒரே சொல்லில் சோம்பேறித்தனமாகிவிடும். பாய்காட் என்பதற்கு முன்பு 'பகிஷ்காரம்' என்று எழுதினார்கள். இலங்கைத் தமிழில் 'பகிஷ்கரிப்பு' இன்றும் புழங்குகிறது. நாம் 'புறக்கணிப்பு' என்றே எழுதலாம்.

இரண்டாவது பயன், அதிகாரத்தில் இருப்பவர் ஓர் ஊரையோ மக்களையோ நீண்ட நாள் கவனிக்காமல் விடுவது. 'புறக்கணிக்கப்பட்ட பகுதி' என்கிறோமே, அது. ஒரு நாள் குப்பை வண்டி வராததற்கு இந்தச் சொல் தாங்காது. பல மாதம் வராமல், கடிதத்துக்கும் பதில் இல்லாமல் இருந்தால் தாங்கும்.

இந்தச் சொல்லில் மறைந்திருக்கும் செலவு, அது உள்நோக்கத்தை உறுதியாகச் சொல்லிவிடுகிறது என்பது. சொன்னவர் அதை நிரூபிக்க வேண்டிவரும். 1998இல் வெளிவந்த மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளை நினைத்துப் பாருங்கள். அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழும் அதன் பின் இந்தியும் இருந்தன. புது நோட்டில் தமிழ் இந்திக்குக் கீழே போயிற்று. எதிர்ப்பு எழுந்தது; நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன; பழைய வரிசை மீண்டது. இதை இன்று எழுதும்போது 'தமிழைப் புறக்கணித்தார்கள்' என்று கைபோன போக்கில் எழுதிவிடலாம். ஆனால் நோட்டில் தமிழ் இருந்தது. "இருக்கிறதே, எங்கே புறக்கணித்தோம்?" என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுவோம். 'தமிழைப் பின்னுக்குத் தள்ளினார்கள்' அல்லது 'வழிவழி வந்த வரிசையைப் பொருட்படுத்தவில்லை' என்று எழுதினால் அசைக்க முடியாது. மனு எழுதுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது: கனமான சொல் எப்போதும் வலுவான சொல் அல்ல.

## அலட்சியப்படுத்து

செய்ய வேண்டிய கடமை இருந்தது, தெரிந்தும் இருந்தது, செய்யவில்லை. மூன்றும் சேர்ந்தால் இந்த வினை. ஆகவே மருத்துவர், ஓட்டுநர், கட்டடக்காரர், அதிகாரி என்று பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றிப் பேசும்போது இதுவே முன்னால் நிற்கிறது. சர்க்கரை நோயாளி காலில் பட்ட புண்ணை அலட்சியப்படுத்தினார். பள்ளி நிர்வாகம் உடைந்த படிக்கட்டை அலட்சியப்படுத்தியது.

இதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. 'அலட்சியப்படுத்து', 'அலட்சியம் செய்' இரண்டும் ஐ உருபு ஏற்கும்: எச்சரிக்கையை அலட்சியம் செய்தார். 'அலட்சியமாக இரு' ஐ ஏற்காது: பாதுகாப்பில் அலட்சியமாக இருந்தார். 'பாதுகாப்பை அலட்சியமாக இருந்தார்' என்பது பேச்சில் நழுவிவிடும்; எழுத்தில் உதைக்கும்.

தீவில் உள்ளவர்களுக்கு நன்றாக விளங்கும் சோதனை புயல் எச்சரிக்கைதான். ஒன்றிலிருந்து நான்கு வரை எண் ஏறும். எண் ஏற ஏற ஆபத்து நெருங்குகிறது. ஒருவர் மூன்றாம் எண் அறிவித்த பிறகு படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

- எச்சரிக்கையைக் கவனிக்காமல் போனார்: வானொலி கேட்கவில்லை, தெரியாது. பரிதாபம் உண்டு, பழி இல்லை.
- எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் போனார்: தெரியும், ஆனால் பெரிதாக எடுக்கவில்லை. துணிச்சலாகவும் படிக்கலாம், முட்டாள்தனமாகவும் படிக்கலாம். எழுதுகிறவர் தீர்ப்புச் சொல்லவில்லை.
- எச்சரிக்கையை அலட்சியப்படுத்திவிட்டுப் போனார்: தெரியும், கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தீர்ப்புச் சொல்லியாயிற்று.
- எச்சரிக்கையைப் புறக்கணித்துவிட்டுப் போனார்: வானிலை நிலையத்தோடு அவருக்கு ஏதோ சண்டை என்பதுபோல் ஒலிக்கிறது.

செய்தி எழுதும்போது உண்மை இன்னும் தெரியாத நிலையில் இரண்டாவதே பாதுகாப்பு. அந்த மனிதர் திரும்பி வராமல் போனால், 'அலட்சியம்' என்று நீங்கள் எழுதியதை அவர் வீட்டார் வாசிப்பார்கள்.

## பொருட்படுத்தாமல்

பொருள் + படுத்து: ஒரு பொருளாக மதித்தல். உடன்பாட்டில், 'என் பேச்சைப் பொருட்படுத்திக் கேட்டார்' என்பதுபோல், அபூர்வமாகவே வருகிறது. அப்படி வந்தாலும் பொருள் எதிராகிவிடும். நமக்கு வேண்டியது பொருட்படுத்தவில்லை, பொருட்படுத்தாமல், பொருட்படுத்த வேண்டாம் ஆகியவை.

குற்றச்சாட்டே இல்லாமல், ஏன், புகழ்ச்சியாகக்கூட வரக்கூடிய வினை இது ஒன்றுதான். தைப்பூசத்தன்று ஆணிச் செருப்பில் நடந்து காவடி எடுக்கிறவரைப் பற்றி 'வலியைப் பொருட்படுத்தாமல் நடந்தார்' என்கிறோம். தை மாதம் இங்கே மழையும் புயலும் வரும் பருவம் என்பதால் 'மழையைப் பொருட்படுத்தாமல் திரண்டனர்' என்பது விழாச் செய்திகளுக்கு எடுத்துவைத்தது போன்ற வரி. 'வலியைப் புறக்கணித்தார்' என்று எழுதுவோரும் உண்டு. பொருள் புரியும், ஆனால் வலி ஏதோ அவரை விருந்துக்கு அழைத்து அவர் போகாமல் இருந்ததுபோல் இருக்கிறது. 'வலியை அலட்சியப்படுத்தினார்' என்றால் மறுநாள் மருத்துவமனையில் சேர்த்த கதை தொடரப்போகிறது என்று வாசகர் எதிர்பார்ப்பார்.

பழந்தமிழும் இந்த இடத்தில் எதிர்மறையைத்தான் நாடியது. குமரகுருபரர் நீதிநெறி விளக்கத்தில் கருமமே கண்ணாயினாரைச் சொல்லும்போது 'மெய்வருத்தம் பாரார் பசிநோக்கார் கண்துஞ்சார்' என்று அடுக்கி, 'அவமதிப்பும் கொள்ளார்' என்கிறார். பார்க்கமாட்டார், நோக்கமாட்டார், கொள்ளமாட்டார் என்று எல்லாமே எதிர்மறை. பொருட்படுத்தாமை அந்த மரபில் வருவது. 'கஷ்டம் பார்க்காமல் வந்தாரே' என்று இன்றும் பேச்சில் சொல்கிறோமே, அதுவும் அதே பாராமைதான்.

அலுவல் கடிதம், கோவில் அறிவிப்பு, மின்னஞ்சலின் அடிவரி ஆகியவற்றில் மரியாதையாகச் சொல்ல இதைவிட நல்ல வினை இல்லை. 'இதற்கு முன் அனுப்பிய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.' முந்தைய கடிதத்தில் பிழை இருந்தது என்றால், 'இதையே இறுதியாகக் கொள்ளவும்' என்று சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும்.

குறை ஒன்று உண்டு. நெருங்கிய மனிதரைப் பற்றிச் சொல்லும்போது இது விறைப்பாகிவிடும். 'அண்ணன் என்னைப் பொருட்படுத்தவே இல்லை' என்றால் வழக்கு மனுவின் வாசகம் மாதிரி இருக்கும்.

## கண்டுகொள்ளாமல்

வீட்டுக்கும் தெருவுக்கும் உரியது. "பெரியம்மா, அவன் பேசுறதைக் கண்டுக்காதீங்க." "கல்யாணத்துல மாமா என்னைக் கண்டுக்கவே இல்ல." மொரீஷியஸின் பேச்சுமொழியான கிரியோலில் 'பா ஒக்கிப் லி' என்று சொல்வோமே, அதற்கு நேரான தமிழ் இதுதான். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். புறக்கணியில் தொடங்கினால் திணறுவார்கள்.

கவனிக்க வேண்டிய கண்ணி: உடன்பாட்டில் 'கண்டுகொண்டேன்' என்றால் கண்டறிந்தேன், அடையாளம் தெரிந்துகொண்டேன் என்று பொருள். அதனால் எதிர்மறையிலும் சில வேளை இரண்டு பொருள் தட்டும். 'பத்து வருடம் கழித்துப் பார்த்தும் என்னைக் கண்டுகொள்ளவில்லை': அடையாளம் தெரியவில்லையா, தெரிந்தும் முகம் திருப்பிக்கொண்டாரா? முதல் பொருளுக்கு 'அடையாளம் தெரியவில்லை' என்றே எழுதிவிடுங்கள்.

இதன் பக்கத்து வீடு 'கண்டும் காணாமல் இருத்தல்'. கிரியோலில் 'ஃபேர் சாம்ப்லான் பா த்ருவே' என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. கண்டுகொள்ளாதவர் அக்கறைப்படவில்லை; கண்டும் காணாமல் இருப்பவர் அக்கறையோடு பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் நடிக்கிறார். தாத்தா பேரனின் குறும்பைக் கண்டும் காணாமல் இருந்தால் அது பெருந்தன்மை. அதிகாரி சட்டவிரோதக் கட்டடத்தைக் கண்டும் காணாமல் இருந்தால், கையில் ஏதோ வாங்கியிருக்கிறார் என்ற வாடை அடிக்கும். ஆளைப் பொறுத்துப் பொருள் மாறுவதால், பெயர் சொல்லி எழுதும் செய்தியில் இதைத் தொடும் முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

சொல்லை, அறிவுரையை, வதந்தியை விடுவதற்கு 'காதில் போட்டுக்கொள்ளாதே' இருக்கிறது. அதற்கு விளக்கம் தேவையில்லை.

## உதாசீனப்படுத்து

வடமொழியில் உதாசீனம் என்பது ஒதுங்கி நிற்பது, பக்கம் சாயாமல் இருப்பது. தமிழுக்கு வந்ததும் அந்த நடுநிலை போய்விட்டது. இன்று இது அடிபட்டவரின் சொல். 'இத்தனை வருட உழைப்பை உதாசீனப்படுத்திவிட்டார்கள்' என்று உழைத்தவர் சொல்வார். உதாசீனப்படுத்தியவர் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டார். கடிதத்தில் பயன்படுத்தினால் மனத்தாங்கல் தெரியும். தெரிய வேண்டும் என்றால் பயன்படுத்தலாம். அறிக்கையில், மாணவர் எழுதும் சுருக்க வரைவில் வேண்டாம். இலங்கையிலிருந்து வரும் எழுத்தில் ஏறத்தாழ இதே இடத்தில் 'அசட்டை செய்' என்பதைப் பார்க்கலாம். அழகான சொல், இங்கே பரவினால் நல்லதுதான்.

## தப்பாக உள்ளே நுழையும் மூன்று

நிராகரி என்பது இக்னோர் அல்ல. மனுவைப் படித்து, முடியாது என்று பதில் சொன்னால் நிராகரித்தார்கள். பதிலே வரவில்லை என்றால்தான் புறக்கணித்தார்கள் என்ற பேச்சே எழும். இரண்டையும் மாற்றி எழுதினால் அது நடையில் வந்த பிழை அல்ல, தகவல் பிழை. பதில் கடிதம் அனுப்பிய அலுவலகம் அதை எடுத்துக்காட்டி உங்கள் மனுவையே கவிழ்த்துவிடும்.

தவிர் என்றால் எதிர்ப்படாமல் விலகுவது. தெருவில் மாமாவைத் தவிர்த்தேன் என்றால் வேறு சந்தில் நுழைந்துவிட்டேன். கண்டுகொள்ளவில்லை என்றால் எதிரிலேயே நடந்து போனேன்.

ஒதுக்கு இருமுனைக் கத்தி. மனிதரை ஒதுக்கினால் விலக்கிவைத்தல். பணத்தை ஒதுக்கினால் கொடுக்க எடுத்துவைத்தல். 'தமிழ்ப் பாடத்தை ஒதுக்கினார்கள்' என்பதும் 'தமிழ்ப் பாடத்துக்கு ஒதுக்கினார்கள்' என்பதும் ஓர் உருபில் மாறிப்போகின்றன.

## பிரெஞ்சிலிருந்து பெயர்க்கும்போது

மொரீஷியஸிலும் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனிலும் தனியாக வரும் தொல்லை இது. ஆங்கிலத்தின் இக்னோருக்கும் பிரெஞ்சின் இஞ்யோரேக்கும் உருவம் ஒன்று, நடத்தை வேறு. பிரெஞ்சில் அதன் முதல் பொருள் 'தெரியாமல் இருத்தல்'. 'ஜின்யோர்' என்று ஒருவர் பதில் சொன்னால் 'எனக்குத் தெரியாது' என்கிறார், எதையும் புறக்கணிக்கவில்லை.

சட்ட வாசகம் ஒன்றில் இது அடிக்கடி கவிழ்க்கும்: 'நுல் நே சான்சே இஞ்யோரே லா லுவா'. 'சட்டத்தை யாரும் புறக்கணிக்கக் கூடாது' என்று பெயர்த்தால் தவறு. 'சட்டம் எனக்குத் தெரியாது என்று யாரும் தப்பிக்க முடியாது' என்பதுதான் அதன் கருத்து. தெரிந்து மீறியவனைப் பற்றியது அல்ல அந்த வரி. தெரியாமல் மீறியவனைப் பற்றியது.

அதே வினை மனிதரைச் செயப்படுபொருளாகக் கொண்டு, 'இல் மின்யோர்' என்று வந்தால், பெரும்பாலும் 'அவன் என்னைக் கண்டுகொள்வதில்லை' என்று பொருள். ஆக, பெயர்க்கும் முன் செயப்படுபொருளைப் பாருங்கள். செய்தி, உண்மை, விதி என்று இருந்தால் 'தெரியாது' என்று தொடங்கிப் பாருங்கள். ஆள் என்றால் 'கண்டுகொள்ளவில்லை' என்று தொடங்குங்கள்.

## எழுத்துப் பிழை

புறக்கணியில் வல்லின ற, டண்ணகர ண. 'புறக்கனி' என்று எழுதினால் உள்ளே ஒரு பழம் வந்து உட்காரும். ர போட்டால் இன்னும் வேடிக்கை: புரத்தல் என்றால் காத்தல், கைவிடுவதற்கு நேர் எதிர். பொருட்படுத்துவில் ள், ப-வோடு சேர்ந்து ட் ஆகிறது. அதன் பின் இன்னொரு ப் வராது, 'பொருட்ப்படுத்து' தவறு. 'கண்டு கொள்ளவில்லை' என்று பிரித்து எழுதாமல் சேர்த்தே எழுதுங்கள்.

திரையில் வரும் பொத்தான்களுக்கு மட்டும் ஒரு சலுகை. எழுத்துப்பிழை திருத்தியில் 'புறக்கணி' என்று பல மென்பொருள்களில் நிலைத்துவிட்டது. இடம் சிறியது, ஏவலில் ஒற்றைச் சொல் வேண்டும், பொருட்படுத்தாதே என்பது நீளம். அதை மாற்றப் போராட வேண்டியதில்லை. வரும் தொலைபேசி அழைப்புக்கு அதே பொத்தானை வைப்பதுதான் உறுத்துகிறது. கூட்டத்தில் இருப்பதால் அத்தையின் அழைப்பை எடுக்காதவர் அத்தையைப் புறக்கணிக்கவில்லை. 'எடுக்க வேண்டாம்' என்று போட்டால் இடமும் போதும், அத்தைக்கும் கோபம் வராது.